கதவைத் திறக்க யுத்தமா வரவேண்டும்?

நம்மவர்களில் பலர், வெள்ளைக்காரப் பெண்கள் என்றாலே சகல சுதந்திரமும் படைத்தவர்கள் என்றும், அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் யாதொரு பேதமும் கிடையாதென்றும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை அறிய லண்டன் மாநகரத்துச் சீமாட்டிகளைப் பார்த்தால் போதாது. தொழிலாளர் நிறைந்த ஓர் ஊரில், யுத்தம் ஆரம்பித்த காலத்தில், ஒரு சாதாரணக் குடும்ப ஸ்திரீயின் நிலைமை எப்படியிருந்தது என்று பார்க்கவேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் பாரோ-இன்-பர்னஸ் என்று ஓர் ஊர் உண்டு. விக்கர்ஸ் கம்பெனியின் கப்பல் பட்டறைதான் அக்காலத்தில் அவ்வூருக்குப் பிழைப்பாக இருந்தது. ஜப்பானியர்களின் பெயர்போன மிகாசா என்னும் போர்க்கப்பல் 1900-ம் வருஷத்தில் அங்கேதான் நீரில் இறக்கப்பட்டது. முதல் உலக யுத்தம் முடிந்ததும் அவ்வூரில் வேலை குறைந்து தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். மறுபடியும் யுத்தத்துக்குச் சித்தமாக வேண்டும் என்றவுடன் வேலை வந்தது. அதாவது, எங்கோ உள்ளவன் சாவதற்குக் கருவி செய்தால்தான் தொழிலாளி வீட்டில் அடுப்பெரியும் என்பதுதான் அந்த நாகரிக தேசத்து ஏற்பாடு.

1939 செப்டம்பர் 1-ந் தேதி முதல் இங்கிலாந்து முழுவதும் இரவில் ஒரு விளக்கு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவாயிற்று. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஆளுக்கொரு விஷவாயு முகமூடி. 3-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, யுத்தம் தொடங்கிவிட்டதென்று பிரதம மந்திரி சேம்பர்லேன் ரேடியோவில் சொன்னார். உடனே சினிமா, நாடகக் கொட்டகைகளை எல்லாம் மூடச் சொன்னார்கள். கும்பல் கூடும் இடத்தில் குண்டு விழுந்தால் அதிகப் பேர் சாவார்கள் என்பது காரணம். ஆனால் மாதா கோவில்களை மட்டும் மூடவேண்டியதில்லை என்றார்கள்! குண்டுக்குக் கொட்டகை எது, கோவில் எது என்கிற ஞானம் உண்டு போலும். நல்லவேளையாகச் சில நாள் சென்று புத்தி தெளிந்து கொட்டகைகளைத் திறக்கவிட்டார்கள்.

இது நிற்க. அவ்வூரில் தச்சுத் தொழில் செய்தவர் ஒருவரின் மனைவியான நெல்லா லாஸ்ட் என்கிற அம்மாளுக்கு அப்போது வயது 49. ஜனங்களின் அன்றாட வாழ்வை ஆராய 1937-ல் ஏற்பட்ட மாஸ் அப்சர்வேஷன் என்னும் ஸ்தாபனம், யுத்த காலத்தில் நாட்குறிப்பு எழுதி அனுப்பும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டது. அம்மையார் அன்று எழுதத் தொடங்கியவர் யுத்தம் முடிந்தும் நிறுத்தாமல் 1966 வரையில் எழுதினார். அதில் ஒரு பகுதி 1981-ல் புத்தகமாக வந்தது.

அதைப் படித்தால் விஷயம் விளங்கும். யுத்தத்திற்கு முன் அந்த அம்மாள் வீட்டுக்குள்ளேயே அடைந்து, புருஷனுடைய மனப்போக்குக்குத் தக்கபடி நடந்து நடந்து நரம்புத் தளர்ச்சியால் வருந்தியவர். யுத்தம் வந்து இளைய மகன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். தாய்க்குக் கவலை இல்லாமலில்லை. ஆனால் அதே யுத்தம்தான் அவரை வீட்டைவிட்டு வெளியே அழைத்தது. 1938-ல் ஏற்படுத்தப்பட்ட மாதர் தொண்டர் சங்கத்தில் சேர்ந்து தைத்தார். சிப்பாய்களுக்குச் சிற்றுண்டி கொடுத்தார். பின்னர் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகக் கடையும் நடத்தினார். தன்னால் ஒரு காரியத்தை நிர்வகிக்க முடியும் என்பதை ஐம்பது வயதில் தெரிந்துகொண்டார். கழிந்துபோன இல்வாழ்க்கை அடிமைத்தனமாகவே அவருக்குத் தோன்றிற்று.

நாம் கேட்பது இதுதான். இந்த அம்மாளுக்கு இந்தத் திறமை 1939 செப்டம்பரில் ஆகாயத்திலிருந்து விழுந்ததா? முப்பது வருஷமாக அவரிடத்தில் இருந்ததுதானே! அதை அடுப்பங்கரையில் பூட்டிவைத்தது யார்? ஹிட்லரா?

சரி, வெளியே வந்த பெண்களையாவது சமமாக நடத்தினார்களா? விமானத் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு 1939-ல் ஏற்படுத்திய நஷ்டஈட்டுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதற்குக் குறைந்த தொகை. 1941 ஏப்ரல், மே மாதங்களில் பாரோவின்மேல் குண்டுகள் விழுந்தபோது அவை ஆண், பெண் பார்த்து விழவில்லை. பார்த்தது சர்க்கார்தான். போன கால் ஆண் காலாயிருந்தால் ஒரு விலை, பெண் காலாயிருந்தால் வேறு விலை! பெண்கள் போராடிப் போராடி 1943-ல்தான் இது சமமாயிற்று. கலியாணம் செய்துகொண்டால் உத்தியோகத்தை விட்டு ஓடவேண்டும் என்கிற விதியும் பெண் உபாத்தியாயர்களுக்கு 1944 வரையிலும், சர்க்கார் உத்தியோகப் பெண்களுக்கு 1946 வரையிலும் இருந்தது. சம வேலைக்குச் சம சம்பளம் என்ற சட்டமோ 1970-ல்தான் வந்தது.

அப்படியானால் யுத்தம் நல்லதென்று சொல்லுகிறோமா என்று யாராவது கேட்கலாம். ஒருக்காலும் இல்லை. தீப்பிடித்த வீட்டில் கதவை உடைத்து ஒருத்தி வெளியே வந்தால் அதற்காகத் தீயைப் புகழ்வார் உண்டா? வெளியே பூட்டுப் போட்டவனைத்தான் கேட்கவேண்டும். சமாதான காலத்தில் "உனக்கென்ன தெரியும்" என்று உட்காரவைத்த அதே சமூகம், ஆபத்து வந்தவுடன் "நீ இல்லாமல் நடவாது" என்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாயிருக்கவேண்டும். எது பொய் என்பதை அந்த அம்மாளின் நாட்குறிப்பே சொல்லிவிட்டது.

ஆதலால் தோழர்களே! வெள்ளைக்கார தேசமானாலும் சரி, வேறு எந்த தேசமானாலும் சரி, பெண்களுக்கு உரிமை தானாக வந்ததாகச் சொல்லுவது வெறும் பேச்சு. உங்கள் வீட்டில் அடுப்புக்கு முன் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன முடியும் என்பதை அறிய நீங்களும் ஒரு யுத்தத்துக்காகக் காத்திருக்கப்போகிறீர்களா? இன்று இரவே கேட்டுப்பாருங்கள். அவள் சொல்லும் பதிலைப் பொறுமையாய்க் கேட்கும் யோக்கியதை நமக்கு உண்டா என்பதுதான் கேள்வி.