ஊர்ப்பெயர் வசையாவது நமக்குத் தெரியாததா?

1998 டிசம்பரில் 'ஃபயர்' படம் ஓடிய மும்பைத் திரையரங்குகளின் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். பெண்ணைப் பெண் காதலிப்பது வெளிநாட்டுச் சரக்காம்!

'லெஸ்பியன்' வெளிநாட்டுச் சொல்தான், மறுக்கவில்லை. லெஸ்போஸ் என்ற கிரேக்கத் தீவின் மக்கள் என்பதே அதன் மூலப்பொருள். சுமார் 2600 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த சாப்போ என்னும் பெண்பாற்புலவர் பெண்கள்மேல் கொண்ட காதலைப் பாடினார். ஊர்ப்பெயர் பின்னாளில் அந்தக் காதலின் பெயராயிற்று. (அதைப் பிறர் பயன்படுத்தக் கூடாதென்று தீவுக்காரர் மூவர் 2008-இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றார்கள்!)

'மதராஸி'யும் ஊர்ப்பெயர்தானே? அதை வசையாக்கி 1960களில் நம்மை விரட்டக் கிளம்பிய அதே கட்சியின் ஆட்கள்தான் 1998-இல் கண்ணாடி உடைத்தார்கள். அந்த வசையைக் கேட்டு வளர்ந்த நாமே, நம் சந்தில் இரு பெண்களை 'லெஸ்பியன்' என்று ஏசுகிறோமே தோழர்களே, எந்த வாயால்?