அலர்ட்டைப் பார்ப்பவரின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும்: சைபர் பாதுகாப்புப் பணியாளர் கோரிக்கைச் சாசனம்

ஐ.டி. நிறுவன நிர்வாகங்களுக்கும், அவற்றிடம் பாதுகாப்புச் சேவை பெறும் வங்கிகள், மருத்துவமனைகள், அரசுத் துறைகளுக்கும், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும்:

சென்னை பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் இரவு பகலாக ஷிஃப்ட் பார்க்கும் கண்காணிப்பு மையப் பணியாளர்கள் நாங்கள். அச்சுறுத்தல் தகவல் ஃபீடுகளும், அவற்றைப் படித்துச் சொல்லும் ஏஐ டூல்களும் எங்கள் திரையில் குவிகின்றன. அவற்றை வாங்கும்போது எங்களை யாரும் கேட்பதில்லை. தவறு நடந்தால் மட்டும், அந்த அலர்ட்டுக்கான டிக்கெட்டை மூடியது யார் என்று தேடி வருகிறார்கள்.

1. டிக்கெட் எண்ணிக்கையால் எங்கள் வேலையை அளப்பதை நிறுத்துங்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஓர் அலர்ட். ஃபீட் ஓர் ஐ.பி. முகவரியைச் சந்தேகத்துக்குரியது என்கிறது. ஏஐ அதை நான்கு வரியில் சுருக்கி, ஆபத்தில்லை, மூடலாம் என்கிறது. சரிபார்க்க வேண்டுமானால், அந்த முகவரி பட்டியலில் எப்போது சேர்ந்தது, எங்கள் பக்கம் எந்த மெஷின் அதைத் தொடர்புகொண்டது, அதற்குச் சற்று முன் அந்த மெஷினில் லாகின் செய்தவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக லாக் எடுக்க வேண்டும். மூடுவதற்கோ ஒரே கிளிக் போதும். வரிசையில் அடுத்த டிக்கெட் நிற்க, ஒப்பந்தம் விதித்த எஸ்எல்ஏ நேரம் கரைந்துகொண்டிருக்க, எங்களை அந்தக் கிளிக்கை நோக்கித் தள்ளுவது உங்கள் டார்கெட். விசாரிக்கும் நேரத்தை ஷிஃப்டுக்குள்ளேயே ஒதுக்குங்கள். ஏஐ பரிந்துரையை மறுத்து எஸ்கலேட் செய்தவர் மீது அதற்காகக் குறிப்பு எழுதக் கூடாது.

2. ஐ.பி. முகவரியையும் ஃபைல் ஹேஷையும் மாற்றுவது தாக்குபவருக்கு நொடி வேலை. தன் செயல்முறையை மாற்றுவதுதான் அவருக்குக் கடினம். சைபர் பாதுகாப்பு நிபுணர் டேவிட் பியாங்கோ 2013-இலேயே இதை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார். இன்றும் நமக்கு விற்கப்படுவதில் பெரும்பகுதி ஐ.பி., ஹேஷ் போன்ற அதன் அடித்தட்டுச் சரக்கு. ஒரு ஃபீடைப் புதுப்பிக்கும் முன், அதனால் உண்மையில் எத்தனை ஊடுருவல்கள் பிடிபட்டன என்ற கணக்கைப் பாருங்கள். அதைப் பயன்படுத்துவோரின் ஒப்புதலும் கட்டாயமாக வேண்டும்.

3. அடிப்படைக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டு ஐந்து சர்வர்கள் முடங்கின, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எந்த ஃபீடும் இந்தக் குறையை அடைக்காது.

4. ஏஐ டூல் படிக்கும் மின்னஞ்சலும் லாகும் தாக்குபவர் எழுதியதாகவும் இருக்கலாம். அந்த டூலுக்கான கட்டளையையே அவற்றுக்குள் ஒளித்துவைக்க முடியும். ஆகவே சர்வரைத் துண்டிப்பது, கணக்கை முடக்குவது போன்ற முடிவுகளை மனிதர் ஒப்புதலின்றி அது எடுக்கக் கூடாது. 2023-இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில் போட்டதும், நிறுவனம் அத்தகைய டூல்களுக்குத் தடை விதித்ததும் தெரிந்த செய்தி. வெறும் தடை உத்தரவு போதாது. வாடிக்கையாளர் தரவு வெளியே போகாத, அனுமதிக்கப்பட்ட ஒரு டூலைத் தாருங்கள்; பயிற்சியை வேலை நேரத்திலேயே கொடுங்கள்.

5. தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவை ஏற்கிறோம். தெரிவிக்கும் பணியாளரைப் பழிவாங்கலிலிருந்து காப்பாற்றும் விதியும் அதில் சேர வேண்டும். தாக்குதல் நடந்த வழியை, நிறுவனத்தின் பெயரை மறைத்து, அதே துறையின் சிறு நிறுவனங்களுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

நிர்வாகங்கள் 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். சேவை வாங்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், உங்கள் அலர்ட்டைப் பார்ப்பவர் ஒரு ஷிஃப்டில் எத்தனை டிக்கெட் பார்க்கிறார் என்று கேளுங்கள்.