பெயரைச் சொல்லாமல் மணத்தைச் சொல்வது எப்படி?

சுவைக்கு நம் மொழியில் ஆறு தனிப்பெயர்கள் உண்டு. மணத்திற்கு அந்த வசதி இல்லை. மல்லிகை மணம், சந்தன மணம், மழை விழுந்த மண்ணின் வாசனை, பழைய புத்தகத்தின் வாசனை என்று, மணம் எழுகின்ற பொருளின் பெயரைக் கொண்டுதான் மணத்தைக் குறிக்கிறோம். முடை, வெடில், கவிச்சி என்று சில விலக்குகள் இருக்கின்றன. அவையும் மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்பவை. ஆகவே ஒரு பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஒருவரைத் தடுத்தால், அதன் மணத்தைப் பற்றியே பேசக்கூடாது என்று தடுத்ததாகிவிடுகிறது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இணைய அங்காடியில் தன் பொருளை விற்க வரும் ஒருவர், அதன் விவரக் குறிப்பில் போட்டியாளரின் பெயரை எழுதலாமா என்ற கேள்வி உலகெங்கும் வழக்காகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியின் கூர்மையான வடிவத்தை, இணையத்திற்கு வெகுகாலம் முன்பே வாசனைத் திரவிய வணிகர்கள் நீதிமன்றத்திற்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1960களில் 'செகண்ட் சான்ஸ்' என்றொரு வாசனைத் திரவியம் விற்கப்பட்டது. ஷானெல் நம்பர் 5 இன் விலை 25 டாலர், இதன் விலை 7 டாலர், வேறுபாட்டைக் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்பது அதன் விளம்பரத்தின் சாரம். ஷானெல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. காப்புரிமை இல்லாத ஒரு பொருளைப் பார்த்துச் செய்யும் உரிமை எவருக்கும் உண்டு, அப்படிச் செய்தவர் அதை வாங்குவோருக்கு அறிவிக்க மூலப்பொருளின் பெயரைச் சொல்வதும் தவறாகாது என்று 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஷானெலின் பெயரைச் சொல்லாமல் அந்தச் செய்தியைச் சொல்ல வேறு வழி ஏது?

ஏறத்தாழ இதே வழக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் நடந்தது. லோரியால் குழுமத்தின் ட்ரெஸோர் முதலிய வாசனைத் திரவியங்களைப் போல மணக்கும் மலிவுச் சரக்கை பெல்யூர் என்ற நிறுவனம் விற்றது. எங்கள் சரக்கில் இன்னது, அவர்களுடையதில் இன்னதன் மணத்தை ஒத்தது என்ற ஒப்புப் பட்டியல் ஒன்று கடைக்காரர்களுக்குத் தரப்பட்டது. பட்டியலைக் கண்டு எவரும் ஏமாறவில்லை; ஏழு டாலருக்குக் கிடைப்பது இருபத்தைந்து டாலர் பொருளன்று என்பது வாங்குகிறவருக்குத் தெரியாதா என்ன? ஆயினும் 2009 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் பட்டியலுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. குழப்பம் இல்லாவிட்டாலும், இழப்பு நேராவிட்டாலும், புகழ்பெற்ற பெயரின் நிழலில் ஒதுங்கி ஆதாயம் தேடுவதே முறைகேடு என்பது அதன் நிலை. மேலும், ஒரு பொருளை மற்றொன்றின் நகல் என்று விளம்பரத்தில் அறிவிப்பதை ஒப்பீட்டு விளம்பரங்கள் குறித்த ஐரோப்பிய விதி தடுக்கிறது.

இந்தத் தீர்ப்பை 2010இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் செயல்படுத்த வேண்டியிருந்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஜேக்கப் அதற்குக் கட்டுப்பட்டார். ஆனால் தம் மனக்கசப்பை மறைக்கவில்லை. உண்மையைச் சொல்பவரின் வாயை வணிகக்குறிச் சட்டம் கட்டலாமா என்பதே அவருடைய வினா. விலையுயர்ந்த மூலத்தை வாங்க இயலாத எளிய நுகர்வோருக்கே இதில் நட்டம் என்றும் அவர் எழுதினார்.

இதிலுள்ள முரணைக் கவனிக்க வேண்டும். அந்த மணத்தைப் போலச் செய்வது அங்கே குற்றமாகக் கொள்ளப்படவில்லை. செய்ததைச் சொல்வதே குற்றமாயிற்று.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஒரு பெயரை மக்கள் மனத்தில் நிறுத்தப் பல ஆண்டுகளின் உழைப்பும் பெரும் பொருளும் வேண்டும். ஒருவர் விதைத்ததை மற்றவர் அறுப்பதா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அதற்கு விடை 1968ஆம் ஆண்டின் வழக்கிலேயே, அதன் அதிகம் பேசப்படாத பிற்பகுதியில் இருக்கிறது. வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றம் சென்றபோது இரண்டு திரவியங்களும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. 'செகண்ட் சான்ஸ்' முற்றும் ஒத்த பொருளன்று என்பது தெரிந்தது. பெயரைச் சொல்லியதற்காக அல்ல, பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்காக அது தோற்றது. 1976இல் மேல்முறையீட்டிலும் அம்முடிவு நின்றது. எல்லைக்கோடு வரைய வேண்டிய இடம் இதுவே என்பது என் துணிபு. வாங்குகிறவர் ஏமாற்றப்பட்டாரா என்று சட்டம் கேட்கட்டும். பெயருக்கு உரியவர் முகம் சுளித்தாரா என்று கேட்க வேண்டியதில்லை.

இணைய அங்காடிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். மல்டி டைம் மெஷின் என்ற கைக்கடிகார நிறுவனம் அமேசானில் தன் சரக்கை விற்கவில்லை. அங்கே அதன் பெயரைத் தேடியவருக்கு வேறு நிறுவனங்களின் கடிகாரங்கள் காட்டப்பட்டன. இதை எதிர்த்த வழக்கில் 2015 ஜூலையில் ஒரு தீர்ப்பும், அதே அமர்விலிருந்து அக்டோபரில் அதற்கு நேர்மாறான தீர்ப்பும் வந்தன. இறுதியில் அமேசான் வென்றது. ஒவ்வொரு கடிகாரத்தின் கீழும் அதனதன் பெயரும் படமும் தெளிவாக இருக்கும்போது குழப்பத்திற்கு இடமில்லை என்பதே காரணம். கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்கிறோம். அது இல்லை, இது இருக்கிறது என்று அவர் எடுத்து வைக்கிறார். இதில் வஞ்சகம் எங்கே இருக்கிறது?

இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தில் இரு குரல்களும் கேட்கின்றன. புகழ்பெற்ற பெயரால் முறையற்ற ஆதாயம் தேடும் விளம்பரத்தை 29ஆம் பிரிவு தடுக்கிறது. உதிரிப்பாகமோ துணைப்பொருளோ செய்பவர், இது இன்ன பொருளுக்குப் பொருந்தும் என்று காட்டத் தேவையான அளவுக்குப் பெயரைச் சொல்வதை 30ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த அனுமதி இல்லையெனில் மிக்ஸி ஜார் செய்கிற ஒரு சிறு பட்டறைக்காரர், எந்த மிக்ஸிக்குப் பொருந்தும் என்பதை விடுகதையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். தேடுபொறி விளம்பரத்திற்குப் போட்டியாளரின் பெயரைக் குறிச்சொல்லாகக் கொள்வது மட்டுமே மீறல் ஆகாது, குழப்பமோ முறையற்ற ஆதாயமோ வேண்டும் என்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

ஆனால் இன்று பெரும்பாலான பூசல்கள் நீதிமன்றப் படியேறுவதில்லை. பெயருக்கு உரியவர் அங்காடி நிறுவனத்திடம் ஒரு புகார் தருகிறார். பொருளின் பக்கம் நீக்கப்படுகிறது. உண்மையைத்தான் எழுதினேன் என்று நிறுவும் பொறுப்பு விற்றவர் தலையில் விழுகிறது. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர் பெயரை அழித்துவிட்டு, 'புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தைப் போன்றது' என்று மழுப்பி எழுதிப் பிழைத்துக்கொள்கிறார். அந்த மழுப்பலால் வாங்குகிறவருக்குத் தெளிவு கூடவில்லை. எது எதைப் போன்றது என்று நேராகச் சொன்ன வாக்கியமே நேர்மையானது. அதைத்தான் அழிக்கச் சொல்கிறோம்.

பெயர் வைத்தவருக்கு அந்தப் பெயரில் தன் சரக்கை விற்கும் உரிமை முழுவதும் இருக்கட்டும். அந்தப் பெயரில் வேறொருவர் போலியை விற்றால் தண்டிக்கட்டும். ஆனால் பெயர் ஊருக்குள் புழங்கத் தொடங்கிய பிறகு, அதைச் சுட்டிப் பேசும் உரிமை பேசுகிற எல்லோருக்கும் உரியது. மல்லிகை என்ற சொல் இல்லாமல் மல்லிகையின் மணத்தை எவரேனும் விளக்கிக் காட்டட்டும். அதன்பின் இந்தத் தடையைப் பற்றி யோசிக்கலாம்.