மூன்று எச்சரிக்கைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. 1895-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே இறங்கி, இங்கு 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோகம் நெல் விளையத் துணைசெய்கிறது. பின்னர் அது வைகையோடு கலந்து, ஆண்டிபட்டிக்கு அருகே 1959-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைகை அணையைச் சென்றடைகிறது.

வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை விடுக்கப்படும். 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கை. அதன்பின் உபரி நீர் ஆற்றில் திறந்துவிடப்படும்.

எச்சரிப்பது அரசின் கடமை. எச்சரிக்கையைக் கேட்டபின் செயலாற்றுவது யாருடைய கடமை? அது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையே அன்றோ? ஆயத்தமில்லாத வீட்டிற்கு எச்சரிக்கை அச்சத்தைத் தரும். ஆயத்தமான வீட்டிற்கோ அவகாசத்தைத் தரும்.

அணைக்குக் கீழே வாழ்வோர்க்கேனும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மலையோரத்துக் காட்டாறுகள் அவ்வளவு அவகாசம் தருவதில்லை. ஊரில் வெயில் காயும்போதே மலையில் பெய்த மழை வெள்ளமாய் இறங்கிவிடும். சுருளி அருவியிலும் கும்பக்கரை அருவியிலும் நீர் பெருகும் நாள்களில் குளிக்கத் தடை விதிப்பது இதனாலேயே.

"நல்ல நாளில் கெட்டதை நினைக்கலாமா?" என்பார் சிலர். விதைநெல்லைத் தனியே எடுத்துவைக்கும் உழவர் விளைச்சல் பொய்க்க வேண்டும் என்றா நினைக்கிறார்? "இதெல்லாம் செல்வர்க்கே இயலும்" என்பார் வேறு சிலர். உண்மை இதற்கு மாறானது. ஆற்றோரக் குடிசையில் வாழ்பவர்க்கே இழப்பின் சுமை மிகுதி. குடும்ப அட்டையும் நிலப்பட்டாவும் நீரில் போனால், அவற்றை மீண்டும் பெற எத்தனை நாள் கூலியை இழந்து அலுவலகங்களுக்கு நடக்க வேண்டும்!

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு ஓரிடத்தில் வையுங்கள். அவல், பொரிகடலை, வெல்லம், மூடிய குடத்தில் குடிநீர், நாள்தோறும் உண்ணும் மருந்து, கைவிளக்கு ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 112, 1077 என்னும் அவசர உதவி எண்களைச் சுவரில் எழுதுங்கள். வெளியேறுமுன் மின்விசையை நிறுத்துவது யார், தொழுவத்து மாடுகளை அவிழ்த்துவிடுவது யார், பாட்டியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது யார், எந்த மேட்டில் அனைவரும் கூடுவது என்பனவற்றை இன்றே முடிவுசெய்யுங்கள். இருளில், மழையில், கூக்குரலுக்கிடையே ஆராய நேரம் இராது.

மாணவர்களே! இப்பணியை நீங்களே தொடங்கலாம். இன்று மாலை பெற்றோருடன் அமர்ந்து ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அத்தாளை எடுத்துச் சரிபாருங்கள். "வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது பழமொழி. ஆற்றுக்கு அணையை நாடு கட்டித் தந்துள்ளது. வீட்டிற்குரிய அணையை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.