கள்ளியைக் கள்ளி என்றே அழைப்போம்

சுவாமிமலைத் தெருக்களில் நடந்து செல்வோர், வீட்டு முன்றில்கள் சிலவற்றில் நாவற்பழத் தோலின் நிறங்கொண்ட இலைகளோடு நிற்கும் ஒரு செடியைக் காண்பர். வயலும் வாழையும் தென்னையும் பச்சை போர்த்துக் கிடக்கும் காவிரி நாட்டில் அக்கருஞ்சிவப்பு கண்ணைக் கவர்வதில் வியப்பில்லை. அச்செடி யாதென்று வினவினால், பெரும்பாலும் ‘குரோட்டன்ஸ்’ என்னும் விடையே கிடைக்கின்றது. அவ்விடை பிழை என்பதையும், அப்பிழை சிறிதன்று என்பதையும் அன்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இச்செடி கள்ளி இனத்தைச் சார்ந்தது. தாவர நூலார் இதனை யூபோர்பியா கோட்டினிபோலியா என வழங்குவர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் இதற்கு இப்பெயரை இட்டார். மெக்ஸிகோ முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரை இதன் தாயகம். இலைகள் கணுவுக்கு மும்மூன்றாக நீண்ட காம்புகளில் நிற்கும். பூக்கள் சிறியன, வெளிறியன. அழகனைத்தும் இலையிலேயே உள்ளது. குளிர்நாட்டார் தம் தோட்டங்களில் வளர்க்கும் செவ்விலைக் கள்ளிகளுட் சில பனிக்காலத்தில் தரையளவில் மடிந்து, இளவேனிலில் வேரினின்று மீண்டும் தளிர்ப்பன. நம் முன்றிலில் நிற்பதோ தண்டு முதிர்ந்து பல்லாண்டு வாழ்வது.

வளர்ப்பதும் அரிதன்று. முதிர்ந்த கிளையொன்றை வெட்டி, வெட்டுவாயில் வடியும் பால் உலர்ந்தபின் நட்டால் வேர் பிடிக்கும். வெயில் மிக்க இடத்தில் நிறம் ஆழ்ந்து நிற்கும். நிழலில் இலை பசுமை கலந்து மங்கும். தேங்கிய நீர் இதற்குப் பகை. ஆதலின் வண்டல் மண் நிறைந்த எம் பகுதியில், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அஞ்சி, மேட்டுப் பாத்தி அமைத்து மணல் கலந்து நடுதல் நலம்.

இனி, வடியும் அப்பாலைப் பற்றிக் கூறுவோம். அது தோலிற் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். கண்ணிற் பட்டால் கருவிழியைப் புண்படுத்திச் சில நாட்கள் பார்வையையே மறைத்துவிடவும் கூடும். தென்னமெரிக்கப் பழங்குடியினர் மீன்களை மயக்கிப் பிடிப்பதற்கு இச்செடியை நீரில் இட்டு வந்தனர் என்பதொன்றே அதன் வேகத்தைப் புலப்படுத்தும்.

எம் அண்டை வீடொன்றில் நேர்ந்ததைச் சொல்லுகின்றோம். வேலியைக் கத்தரிக்க வந்த முதியவர், ஓங்கிய கிளைகளை வெட்டிவிட்டு, நெற்றியில் வழிந்த வியர்வையைக் கையாலேயே துடைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. மூன்று நாள் கண்ணைத் திறக்க இயலாமல் கூலியையும் இழந்தார். “கள்ளி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கையைக் கழுவியிருப்பேனே, ஐயா” என்று அவர் எம்மிடம் கூறிய சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அவர் அறியாதவர் அல்லர். திருகுகள்ளியையும் சதுரக்கள்ளியையும் இளமை முதல் வேலியிற் கண்டவர். கள்ளிப்பால் கண்ணுக்கு ஆகாது என்பது தமிழ்நாட்டுச் சிறுவர்க்கும் பாட்டிமார் புகட்டிய பாடம். அவ்வறிவு முழுவதும் ‘கள்ளி’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. அச்சொல்லை நீக்கிவிட்டுக் கடைப்பெயர் ஒன்றைச் சூட்டும்போது, முன்னோர் தந்த எச்சரிக்கையையும் உடன் நீக்கிவிடுகின்றோம். விந்தை யாதெனின், அமெரிக்காவினின்று வந்த வேறொரு குலத்ததாகிய, பாலே இல்லாத முட்செடிக்கு நாம் தயங்காமல் சப்பாத்திக்கள்ளி என்று பெயரிட்டோம். பாலுடைய உண்மைக் கள்ளிக்கோ, இலை சிவந்திருக்கும் காரணத்தால் அப்பெயரை மறுக்கின்றோம்!

“அத்துணைத் தீங்குடையதாயின் அதனை வேரோடு களைந்துவிடலாகாதோ?” என்று சிலர் வினவுவர். அரளியும் நஞ்சுடையதே, ஆயினும் அதனை நாம் களைந்தோமில்லை. எம்மூர்ச் சிற்பியரை நோக்குமின். காவிரி வண்டலால் மெழுகுருவைப் பொதிந்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தே கொதிக்கும் உலோகத்தை வார்க்கின்றனர். நெருப்புக்கு அஞ்சி அவர் தொழிலைக் கைவிட்டாரல்லர். நெருப்பை நெருப்பென்று அறிந்து, அருகில் நிற்போர்க்கும் அறிவித்து, அதனை ஆளுகின்றனர். தோட்டத்திற்கும் அம்முறையே தக்கது.

ஆதலின் எம் கருத்து இது. இச்செடியைச் ‘செவ்விலைக் கள்ளி’ என்றே அழைப்போம். நாற்றுத் தோட்டத்தாரும் அப்பெயரையே எழுதி விற்பாராக. பிள்ளைகள் விளையாடும் பள்ளி முற்றத்திலும், ஆடை உரசும் நடைபாதை ஓரத்திலும் இதனை நடாதிருப்போம். வெட்டுவோர்க்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுப்பது வீட்டுடையார் கடமை. அழகைக் காண்பவர் ஒருவர், பாலில் கை நனைப்பவர் மற்றொருவர் என்பதை மறவற்க. வெட்டிய கிளைகளைக் கொல்லைப்புற வாய்க்காலிலும் குளத்திலும் எறியற்க. ஆங்கு மீனும் உண்டு, குளிப்பாரும் உண்டு. தோலிற் பட்ட பாலைச் சோப்பிட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டால் கசக்காமல், தூய நீரால் கால்மணி நேரத்திற்குக் குறையாது கழுவி, உடனே கண் மருத்துவரை நாடுக.

விடுமுறையில் தத்தம் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், வீட்டு முன்றிலில் இச்செடி நிற்கக் கண்டால், முதலில் அதனைக் கத்தரிப்பவரை அழைத்து அதன் பெயரைச் சொல்வார்களாக. தாவர நூலின் நெடும்பெயர் வேண்டுவதில்லை. கள்ளி என்னும் தமிழ்ச்சொல் ஒன்றே அவருக்குப் போதும்.