கிராம ஸ்திரீகளின் தேக எடையும் நிலக்காரர் பொறுப்பும்

தென்காசி ஜில்லாவின் வடகோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்த சிவகிரி வட்டாரத்தில் கறவை மாட்டிற்குத் தீவனக் கணக்குப் பாராத குடியானவர் மிகச் சிலரே. பிண்ணாக்கு எவ்வளவு, பசுந்தழை எவ்வளவு, சினைப்பட்ட மாட்டிற்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பவை அவர்களுக்கு மனப்பாடம். அதே வீட்டில் சமைத்துப் பரிமாறி, யாவரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் ஸ்திரீயின் ஆகாரத்திற்குக் கணக்கு வைப்பார் எவருமிலர். மாட்டையும் மனுஷியையும் ஒப்பிடுவது மரியாதைக் குறைவெனச் சிலர் கருதக்கூடும். ஒப்பிட்டுப் பார்த்தால் மரியாதைக் குறைவு எந்தப் பக்கம் இருக்கிறதென்பது விளங்கும்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள ஸ்திரீகளில் 2005-06-ல் நூற்றுக்கு 28.4 பேர் மெலிந்தும் 20.9 பேர் அதிக எடையுடனும் இருந்தனர். 2019-21-ல் மெலிந்தவர் 12.6 ஆகக் குறைந்தனர். அதிக எடையுள்ளவர் 40.4 ஆகப் பெருகினர். கிராமங்களை மட்டும் தனியே பிரித்தால் பின்சொன்ன எண் சற்றுக் குறையும். அப்பொழுதும் மூவரில் ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்காது. மெலிவு குறைந்ததைக் கண்டு மகிழ்வோர் இரத்தக் குறைவின் எண்ணையும் பார்த்தல் நலம். 2015-16-ல் 55 ஆக இருந்தது 2019-21-ல் 53.4 ஆயிற்று, குறைந்தது என்று சொல்லவும் நா எழாது. மெலிந்தவரே 12.6 எனில், இரத்தக் குறைவுள்ளவரில் பெரும்பாலார் மெலியாதவரே என்பது கணக்கினாலேயே பெறப்படும். தேகம் பருத்திருப்பது போஷாக்குக்கு அத்தாட்சியாகாது. பூசினாற்போலிருக்கும் மருமகளைக் கண்டு வீடு செழித்ததென்று சொல்லும் வழக்கத்தை இனி விட்டொழிக்க வேண்டும்.

எடையை மதிப்பிடுவது கடினமன்று. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்திரீ 41½ கிலோவுக்குக் கீழிருந்தால் மெலிவு. 56 கிலோவைக் கடந்தால் அதிகம். ஆசிய தேசத்தாருக்கு 52 கிலோவைத் தாண்டும்போதே எச்சரிக்கை வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004-ல் வெளியிட்ட கருத்து.

இதற்குக் காரணம் கேட்டால் டீக்கடைத் திண்ணையில் ஒரே பதில் ஆயத்தமாயிருக்கிறது. சர்க்கார் 2011-ல் மிக்ஸியும் கிரைண்டரும் கொடுத்தது. அம்மியும் ஆட்டுரலும் ஓய்ந்தன. பெண்டிர் சோம்பிப் பருத்தனர் என்பதாம். இவ்வாறு பேசுவோரில் எவரும் தம் வாழ்நாளில் ஒரு படி அரிசி ஆட்டினவரல்லர். அம்மி ஓய்ந்ததில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஓய்ந்தது வீட்டு வேலையன்று, கழனி வேலையே. கதிரறுப்பு, கட்டுச் சுமத்தல், தூற்றல் யாவும் அறுவடை இயந்திரத்திடம் போயின. களையெடுப்பில் ஒரு பங்கைக் களைக்கொல்லி எடுத்துக்கொண்டது. இவற்றால் நிலக்காரருக்குச் செலவு மிச்சமாயிற்று. வேலையிழந்த பெண்களில் பலர் பீடி சுற்றுவதில் அமர்ந்தனர். தென்காசிச் சீமையில் மடியில் சுளகும் இலையுமாகக் காலைமுதல் மாலைவரை குனிந்திருக்கும் ஸ்திரீயைச் சோம்பேறி என்பது அநியாயம். அவள் கைகள் ஓய்வதில்லை, கால்களுக்கே வேலையில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள ஸ்திரீ கடின உழைப்பாளியாயின் நாளொன்றுக்கு 2,720 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவளுக்கு 1,660 போதும். வித்தியாசம் 1,060, அரிசியாகச் சொன்னால் சுமார் 300 கிராம். நடவுக்கும் அறுப்புக்கும் போன காலத்தில் பழகிய சோற்றின் அளவு, சுளகின் முன் அமர்ந்த பின்னும் அப்படியே நிற்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசிப்பிணியைத் தணித்த அந்த ஏற்பாட்டைக் குறை கூறுதல் தகாது. ஆனால் சட்டியில் சோறு நிறைவது எளிதாயிற்றேயன்றிப் பருப்பும் காயும் கீரையும் நிறைவது எளிதாகவில்லை.

கடைசியாக உண்பவளுக்கு என்ன மிஞ்சும்? குழம்பில் காய் தீர்ந்திருக்கும். கூட்டு குழந்தைகளோடு போயிருக்கும். முட்டையிருந்தால் அது ஆண்மக்களுக்கு. எஞ்சுவது சோறும் நீர்த்த குழம்பும். இரவு பத்து மணிக்கு அதனையே வயிறு நிறைய உண்டு படுக்கிறாள். இன்றும் நடவு நடுகிறவள் இதே தட்டில் உண்டு மெலிகிறாள். பீடி சுற்றுகிறவள் இதே தட்டில் உண்டு பருக்கிறாள். இரத்தக் குறைவு இருவருக்கும் பொது. ஸ்திரீக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் அரிசியில் ஏழெட்டுக் கிராமே உள்ளது. உளுந்திலோ இருபதுக்கு மேல்.

உளுந்து இச்சீமைக்குப் புதிதன்று. பெண் பூப்பெய்தினால் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கொடுப்பது திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். சில நாட்களுக்கு மட்டும் நினைவுக்கு வரும் அப்பண்டம் அதன்பின் அவளது ஆயுள் முழுவதும் மறந்துபோகிறது! விளைந்த உளுந்து களத்திலிருந்தே வியாபாரியிடம் செல்கிறது. கிழக்கே சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் சோளமும் கம்பும் விளைந்த புஞ்சைகளில் பல இப்போது மக்காச்சோளத்திற்கு மாறிவிட்டன. அது கோழித் தீவனத்திற்குப் போகிறது. கோழியிட்ட முட்டை, அந்நிலத்தில் களையெடுத்தவள் வீட்டிற்கு விலைக்குத்தான் வரும். எலுமிச்சையும் கரும்பும் ரொக்கம் தருவன. அவற்றை விட்டுவிடச் சொல்வது நடக்கிற காரியமன்று. நால்வருள்ள குடும்பத்திற்கு ஆளொன்றுக்குத் தினம் 30 கிராம் பருப்பெனில் வருஷத்திற்கு 44 கிலோ ஆகும். ஒரு மூட்டைகூட இல்லை. அதை விற்காமல் பத்தாயத்தில் வைத்தால் எந்த நிலக்காரரும் கடனாளியாகிவிட மாட்டார்.

கூலியாட்களின் விஷயத்திலும் நிலக்காரருக்குப் பங்குண்டு. சம ஊதியச் சட்டம் 1976-ல் இயற்றப்பட்டது. ஆயினும் கழனியில் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு என்பது மறையவில்லை. குறைந்த கூலி பெறுகிறவள் முதலில் விடுவது தன் தட்டிலுள்ள பருப்பையே. காலை பத்து மணிக்கு வரப்பில் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாகக் கம்பங்கூழும் தட்டைப்பயற்றுச் சுண்டலும் கொடுத்தால் செலவு பெரிதும் கூடாது, வேலையும் தொய்யாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கதும் உண்டு. அங்கன்வாடியில் குழந்தையை நிறுக்கிறார்கள்; கர்ப்பிணியைச் சுகாதாரச் செவிலியர் நிறுக்கிறார். மற்ற ஸ்திரீகளை எவர் நிறுத்தார்? அரிசி மூட்டைக்குத் தராசு உள்ள ஊரில் அதை உண்பவளுக்குத் தராசில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி வருகின்றனர்; எடை பார்க்கவும் இரும்புச்சத்து மாத்திரை கேட்டுப் பெறவும் அந்த நாளையே பயன்படுத்திக்கொள்ளலாம். நடைப்பயிற்சி செய்யுமாறு டாக்டர் சொன்னால் எங்கே நடப்பது? ஆண்கள் குளத்தங்கரையில் கைவீசி நடக்கலாம். ஒரு ஸ்திரீ காரணமின்றி நடந்தால் ஊர் வாய் சும்மாயிராது. அந்தப் பாதையில் நான்கு விளக்குகள் எரியவைத்து, உத்தியோகஸ்தர்களும் பெரிய வீட்டுக்காரரும் தத்தம் வீட்டு ஸ்திரீகளை முதலில் அனுப்பினால், ஏழை வீட்டுப் பெண் நடப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையிராது.

பிசான அறுவடை முடிந்ததும் ஈரம் காயுமுன் உளுந்து விதைப்பதற்கு ஏற்ற தருணம். தனிப்பயிராயின் ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். ரைசோபியம் கலந்து விதைப்பது நன்று. தனிப்பயிருக்கு இடமில்லாதோர் அடுத்த நெற்பயிரின் வரப்பில் ஊன்றலாம். வரப்பில் விளைந்ததை விற்பதில்லையென்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. விதைக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துக்கொள்க.