அரைநாளில் ஒரு வெப்சைட்

காந்திபுரத்திலிருந்து பீளமேடு வரை கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கம்ப்யூட்டர் சென்டர் நோட்டீஸ்கள் பல வருஷமாக ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன. எச்டிஎம்எல் என்பது அரைநாள் சமாச்சாரம். ஃபார்ம் வேண்டுமா, டெம்ப்ளேட்டை எடுத்து ஒட்டு. கூகுளில் முதல் பக்கம் வேண்டுமா, மெட்டா டேக்கில் கீவேர்டை அள்ளிக் கொட்டு. இதையே இப்போது செமினார்களில் மைக் பிடித்தும் சொல்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொள்வதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் கீவேர்டு. 'வெட் கிரைண்டர், கோயம்புத்தூர், பெஸ்ட், சீப்' என்று அடுக்கினால் கூகுள் ஓடிவந்து கும்பிடுமாம். 1990-களில் ஆல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் அந்த டேக்கைப் படித்தது உண்மை. ஆளாளுக்குச் சம்பந்தமில்லாத சொற்களைத் திணித்து அதை நாசமாக்கினார்கள். பக்கங்களை வரிசைப்படுத்துவதில் கீவேர்டு மெட்டா டேக்குக்கு எந்தப் பங்கும் இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுளே அறிவித்துவிட்டது. அந்தச் செய்தி காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர இத்தனை வருஷமா ஆகும்?

உண்மையிலேயே வேலை செய்கிற டேக்குகளுக்கு நோட்டீஸில் இடமில்லை. டிஸ்கிரிப்ஷன் டேக்கில் எழுதியதை, தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் குறிப்பாகக் கூகுள் சில சமயம் காட்டும். வியூபோர்ட் டேக் இல்லாத பக்கம் மொபைலில் எறும்பெழுத்தாகச் சுருங்கும். பக்கம் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் டேக் முதல் 1,024 பைட்டுக்குள் வர வேண்டும். அதுவும் இல்லை, சர்வரும் சொல்லவில்லை என்றால், தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குப்பைக் குறிகள் வந்து நிற்கும். 2010 ஜூனில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாட்டையும் நடத்திய ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

'ரெக்வயர்டு' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் ஃபார்ம் பத்திரம் என்பது அடுத்த வாக்கு. அந்தச் சோதனை பிரவுசரோடு சரி. பிரவுசரை விட்டுவிட்டு நேரே சர்வருக்கு எதையாவது அனுப்புகிறவனை அது ஒன்றும் செய்யாது.

எல்லாவற்றையும்விட மோசம், ஒரே டெம்ப்ளேட் எல்லோருக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை. அந்த டெம்ப்ளேட்டின் முதல் இரண்டு கட்டங்கள் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். இரண்டும் கட்டாயம். அவிநாசி சாலை மேம்பாலத்துக்கே பெயராகிவிட்ட ஜி.டி.நாயுடுவை இதில் உட்கார வைத்துப் பார்க்கலாம். 'ஜி' என்பது அப்பா கோபால்சாமி. 'டி' என்பதுதான் அவர், துரைசாமி. கடைசியில் இருப்பது சாதி. ஆக, முதல் கட்டத்தில் அப்பா, கடைசிக் கட்டத்தில் சாதி, சொந்தப் பெயருக்கு இடமே இல்லை. சாதியை விட்டுவிட்டு இனிஷியலோடு மட்டும் வாழ்கிற லட்சக்கணக்கானோர் கடைசிக் கட்டத்தில் 'எஸ்' என்று ஓர் எழுத்தைப் போட்டால், 'குறைந்தது இரண்டு எழுத்து தேவை' என்று சிவப்பில் அதட்டல் வருகிறது. புள்ளி வைத்தால் அதற்கும் அதட்டல். "ஏனுங்க, லாஸ்ட் நேம்னா எதுங்க போடறது?" என்று கேட்பவருக்கு பிரவுசிங் சென்டரில் கிடைக்கும் பதில், "அப்பா பேரைப் போட்டுடுங்க". விமான டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்று ஆவது இப்படித்தான்.

இது உள்ளூர்ப் புலம்பல் அல்ல. விஸ்வநாதன் ஆனந்தின் அப்பா பெயரைச் செல்லமாகச் சுருக்கி அவரையே 'விஷி' என்று அழைக்கிறது உலகம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் எஃப்.என்.யூ, அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அச்சாகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதுமா என்று முதலில் யோசியுங்கள் என்பது டபிள்யூ3சி அமைப்பின் பழைய யோசனை. ஒட்டுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை.

பெயர் தப்பினாலும் ஊர் தப்பாது. 'கோயம்புத்தூர்' நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடு கணக்கில் 13 குறிகள், யுடிஎஃப்-8 கணக்கில் 39 பைட்டுகள். டெம்ப்ளேட்காரர் ஊர்ப்பெயர்க் கட்டத்துக்கு 10 என்று வரம்பு வைத்திருந்தால், 'கோயம்புத்த' என்பதோடு தட்டச்சு நின்றுவிடும்.

"இதுவரை யாரும் புகார் சொன்னதில்லையே" என்பது அவர்களுடைய கடைசி ஆயுதம். பாதியில் வெறுத்துப்போய் மூடிவிட்டுப் போனவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. விடாப்பிடியாகப் புகார் சொல்ல நினைப்பவருக்கு 'தொடர்புக்கு' என்று ஒரு பக்கம் உண்டு. அதுவும் அதே டெம்ப்ளேட்டிலிருந்து ஒட்டியதுதான். அங்கேயும் லாஸ்ட் நேம் கட்டாயம்.